கயிறு கட்டின ஆறு

உக்காருங்க. கையை மட்டும் நான் பாக்குற மாதிரி முழங்கால் மேல வெச்சுக்கோங்க, தப்பா எடுத்துக்காதீங்க, இந்த வீட்டுக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் முதல்ல கையைத்தான் பாக்குறது, அப்புறந்தான் முகம். பழம் சாப்பிடுங்க, பீச்சுன்னு பேரு. தோல்ல பூனைக்குட்டி முதுகு மாதிரி மயிர் இருக்கும், துடைச்சுட்டுக் கடிங்க. நீங்க கடலூர்ப் பக்கம்னு சொல்றீங்க, கப்பல்லேருந்து இறங்கி நடந்தே இவ்வளவு தூரம் வந்தேன்னு சொல்றீங்க, நம்ம பாஷையில 'அண்ணே'ன்னு நீங்க கூப்பிட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு, அது நிஜம். ஆனா உங்களை யார் அனுப்பினாங்கன்னு நான் இன்னும் கேக்கல, கேட்டாலும் நீங்க உண்மையைச் சொல்லணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. கதை கேக்கத்தானே வந்தீங்க, கேளுங்க.

என் பேரு காத்தான். பரங்கிப்பேட்டையில வெள்ளாறு கடல்ல சேர்ற இடத்துல தோணி தள்ளிக்கிட்டு இருந்தவன். வயசுக் கோளாறு, ஒரு வெள்ளைக்காரக் கப்பல்ல சமையல்காரனுக்குக் கையாளா ஏறி, அந்தச் சமையல்காரன் அடிக்குத் தப்பிக்கணும்னே பூமிக்கு அந்தாண்டை இருக்கிற ஒரு துறைமுகத்துல குதிச்சு, பிடிபட்டு, அவங்க எழுதி வாங்கிக்கிட்ட வருஷமெல்லாம் ஒரு புகையிலைப் பண்ணையில முதுகு ஒடிய உழைச்சு, விட்டாப் போதும்னு வெளிய வந்ததும் மேற்கே போற வண்டிக்கூட்டம் ஒண்ணுல ஒட்டிக்கிட்டேன். அங்க அப்போ எல்லாரும் மேற்கேதான் போவாங்க. ஏன்னு கேட்டா மேற்கே நிலம் இருக்குன்னுவாங்க, நிலத்துல ஆள் இருக்கே ஐயான்னு கேட்டா நம்மளை ஒரு மாதிரியாப் பாப்பாங்க.

கூட்டத்துக்குத் தலைவர் பேரு எபனேசர். தாடி நெஞ்சைத் தாண்டி இறங்கும், கக்கத்துல வேதப் புஸ்தகம், தோள்ல கோடாலி, ரெண்டுல எதை முதல்ல எடுப்பாருன்னு அவர் சம்சாரம் பேஷன்ஸுக்கே தெரியாது. மலையைத் தாண்டி, காட்டைத் தாண்டி, ஒரு ஆத்தங்கரைக்கு வந்து சேந்து, மரத்தை வெட்டி வீடு கட்டி, கடவுள் கொடுத்த நாடுன்னு வேதத்துல வர்ற கானான்ங்கிற பேரையே ஊருக்கும் வெச்சாரு. ஆத்துக்கு அக்கரையில அந்த நாட்டுப் பழைய சனங்க இருந்தாங்க. கிழக்குக் கரை இவங்களுக்கு, மேற்குக் கரை அவங்களுக்கு, நடுவுல ஆறுதான் எல்லைன்னு ரெண்டு பக்கத்துப் பெரிய மனுஷங்களும் பேசி, புகை பிடிச்சு, கைகுலுக்கி முடிச்ச விஷயம். என்னையும் இந்தியன்னாங்க, அக்கரைச் சனங்களையும் இந்தியன்னாங்க, நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து இது யாருடா புதுசான்னு முழிச்சோம். தண்ணி தெரிஞ்சவன்னு என்னை ஓடத்துறையில போட்டாங்க, கப்பல்காரன் வெச்ச 'ஜாக்'ங்கிற பேரையே அவங்களும் வெச்சுக்கிட்டாங்க.

ஓடம்னா நம்ம தோணி மாதிரி இல்ல, தட்டையா அகலமா, வண்டியும் எருதும் ஏறி நிக்கலாம். இக்கரை மரத்துக்கும் அக்கரை மரத்துக்குமா ஒரு தாம்புக்கயிறு, அதைப் பிடிச்சு இழுத்து இழுத்தே போய்ச் சேரணும். மரத்துல நான் போட்டிருந்தது நம்மூர்த் தோணிக்காரன் முடிச்சு, அலையடிக்க அடிக்க இறுகும், விரல் வெச்சா அவிழும், அந்தத் தேசம் முழுக்க என்னைத் தவிர அதைப் போட ஆள் கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி என் கழுத்துக்கு வந்தது அந்த முடிச்சுதான்.

அக்கரையில இறங்கினா முதல்ல இந்தப் பீச்சுப் பழத்தோட தோட்டம் ஒண்ணு. அந்தச் சனங்கள்ல நிலமும் வீடும் பொம்பளைங்களோடது, கல்யாணம் கட்டுற ஆம்பிளை அவ வீட்டுக்குப் போய் இருந்துக்கணும். தோட்டம் என் வயசு ஒரு பொம்பளையோடது, புருஷன் சண்டைக்குப் போனவன் திரும்பல. நான் மீனும் உப்பும் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவ பழத்தை அறுத்துக் காயவெச்ச வத்தல் கொடுப்பா, ஒவ்வொரு தடவையும் என் கையைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் கொடுப்பா. பேரைக் கேட்டேன், சொல்லல. அவ சின்னம்மா ஒருத்தி மரியாதைக்கு ஒரு வெள்ளைக்காரன்கிட்டப் பேரைச் சொன்னாளாம், மறுவருஷம் அந்தப் பேருக்கு நேரா ஒரு கீறல் போட்டு, நிலத்தை அவளே மனசாரக் கொடுத்துட்டான்னு ஒரு காகிதம் வந்து நின்னுச்சாம். அதுலேருந்து அந்தக் குடும்பத்துப் பொம்பளைங்க வெளியாளுக்குப் பேர் சொல்றதில்ல. நான் தோட்டத்துக்காரின்னு கூப்பிட்டுக்கிட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு அவ மேல உசுரு. அவளுக்குத் தோட்டத்து மேல உசுரு.

ஒரு நாள் காலையில துறைக்குப் போறேன், ஆறு இல்ல. ஈர மணல் கிடக்குது, நடுவுல ஒரு நாரை ஒத்தக் கால்ல நிக்குது, எதைப் பாத்து நிக்குறோம்னு அதுக்கே புரியல. நான் மணல்ல நடந்து, அக்கரையா இருந்த மேட்டுல ஏறி, பீச்சுத் தோட்டத்தைத் தாண்டிப் போனா, அங்க இருக்குது ஆறு. எந்திரிச்சு மேற்கே போய்ப் படுத்துக்கிச்சு, அவ்வளவுதான். அதே அகலம், அதே ஓட்டம், என் ஓடமும் அதுல மிதக்குது, கயிறும் இருக்குது, ஆனா கயிறு கட்டியிருக்கிற மரம் ரெண்டும் வேற மரம். முடிச்சு என் முடிச்சு.

ஊர் வந்து பாத்துச்சு. ஒருத்தரும் வாயைப் பொளக்கல. எபனேசர் குனிஞ்சு ஒரு கை தண்ணி அள்ளி வாயில வெச்சு, அதே தண்ணிதான்னு சொல்லித் துப்பிட்டாரு. கொல்லன், தண்ணின்னா நகரத்தான் செய்யும்னான். மாவு மில்காரன், எங்க தாத்தா ஊர்ல ஒரு குளம் இப்படித்தான் போச்சுன்னான், அது பொய். பேஷன்ஸ் மட்டும் இடுப்புல வாளியை வெச்சுக்கிட்டு, பழைய கரையையும் புதுக் கரையையும் மாத்தி மாத்திப் பாத்து, "இனிமே துணி துவைக்க இவ்வளவு தூரம் நடக்கணுமா?"ன்னா. எல்லாரும் பழத்தோட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நேத்து வரைக்கும் அது அக்கரை. இன்னிக்கு இக்கரையில நிக்குது, கிளையெல்லாம் காய்.

இந்த இடத்துல அந்தக் கூட்டத்தோட குணம் ஒண்ணு சொல்லணும். நம்மூர்த் திருடன் திருடுவான், திருடிட்டு ஓடுவான். இவங்க அப்படி இல்ல, திருடுறதுக்கு முன்னாடி கூட்டம் போட்டு, பாட்டுப் பாடி, சட்டம் எழுதி, புஸ்தகத்துல கையை வெச்சுச் சத்தியம் பண்ணிக்கலேன்னா அவங்களுக்குச் சோறு இறங்காது. அன்னிக்கே கூட்டம் போட்டாங்க. ஆறு எங்க படுத்திருக்குதோ அங்கதான் எல்லை, ஏன் படுத்துச்சுன்னு யாரும் கேக்கக் கூடாது. எல்லை தாண்டி வேற ஆளோட பக்கத்துல மாட்டிக்கிட்டவங்க யாரா இருந்தாலும் அறுப்பு வரைக்கும் இருக்கலாம், அறுத்து முடிச்சதும் வீட்டையும் மரத்தையும் நிக்கிறபடியே விட்டுட்டு ஆத்தைக் கடந்து போயிடணும். ஆம்பிளைங்க அத்தனை பேரும் கையை வெச்சு இதுக்குச் சத்தியம் பண்ணினாங்க, பொம்பளைங்க சுவரோரமா நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எபனேசர் அதோட நிக்கல, எவ்வளவு நியாயமா நடந்துக்கிறோம் பாருங்கன்னு கிழக்கே இருக்கிற பெரிய ஊருக்கு அந்தச் சட்டத்தைக் குதிரையில அனுப்பினாரு, பெரிய ஊர்க்காரங்களும் ஆஹான்னு ஒத்துக்கிட்டு அரக்கு வெச்சுத் திருப்பி அனுப்பினாங்க. அளக்கிறதுக்குன்னு சங்கிலியோட ஒரு ஆளும் வந்தான். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்மூர்ல சொல்லுவாங்க, இவங்க ஆத்தையே அளந்து போட்டாங்க.

அப்புறந்தான் சந்தேகம் பிடிச்சுது. அந்தக் காட்டுல ஒரு வழக்கம், யார் முதல்ல கோடாலியால மரத்துல தன் எழுத்தைக் கொத்துறானோ அவனுக்கு அந்த நிலம். விடிஞ்சு பாத்தா தோட்டத்துக்காரியோட மரத்துலயெல்லாம் கொத்தியிருக்குது, ஒரே மரத்துல கொல்லன் எழுத்து, அதுக்கு மேல மில்காரன் எழுத்து, அதைச் செதுக்கிட்டு எபனேசர் எழுத்து. ஆறு நகரப் போறது முன்னாடியே எவனுக்கோ தெரிஞ்சிருக்குன்னு கொல்லன் சொன்னான். மில்காரன் பூட்ஸ் ஏன் ஈரமா இருக்குன்னு ஒருத்தன் கேட்டான். எவன் வெளிய போய் ஆத்தை நகத்துறான்னு பிடிக்கணும்னு ஒருத்தன் வாசல்ல இன்னொருத்தன் சாம்பல் தூவி வெச்சான், காலையில எந்திரிச்சா எல்லா வாசல்லயும் சாம்பல், எல்லாச் சாம்பல்லயும் பக்கத்து வீட்டுக்குச் சாம்பல் தூவப் போனவனோட கால்தடம். ஜெபக் கூட்டத்துல கண்ணை மூடுறதையே நிறுத்திட்டாங்க. இதுக்குள்ள ஆறு அப்பப்போ எந்திரிச்சு இன்னும் கொஞ்சம் மேற்கே போய்ப் படுத்துக்கும், ஒவ்வொரு தடவையும் புது மரம், ஒவ்வொரு தடவையும் என் முடிச்சு. சாம்பல், பூட்ஸ் எல்லாம் ஓய்ஞ்சு, கடைசியில எல்லாக் கண்ணும் என் மேல வந்து நின்னுச்சு.

நான் தோட்டத்துக்காரியைப் பாக்கப் போனேன். ஓடம் வேண்டியதில்ல, மணல்லயே நடந்து போகலாம், அது எனக்கு எவ்வளவு சங்கடமா இருந்துச்சு தெரியுமா. அவ மரத்துல கொத்தின எழுத்து மேலயெல்லாம் களிமண் பூசிக்கிட்டு இருந்தா.

"கையைக் காட்டு"ன்னா.

காட்டினேன்.

"கயிறு இழுத்த தழும்பு."

"ஓடக்காரன் கையில வேற என்ன இருக்கும், மருதாணியா?"

அவ சிரிக்கல. "முடிச்சு யாருது?"

"என்னுதுதான்."

"யார் போட்டது?"

"தெரியல."

"முடிச்சு உன்னுது, போட்டது யாருன்னு உனக்குத் தெரியல."

"நான் இழுக்கல. எங்கம்மா மேல சத்தியமா இழுக்கல."

"உங்கம்மாவை எனக்குத் தெரியாது"ன்னா.

நியாயமான பேச்சு. அறுப்பு முடிஞ்சதும் போகச் சொல்லி எபனேசர் வந்து சொல்லிட்டுப் போனதாச் சொன்னா. அப்போ நீ என்ன பண்ணப் போறேன்னு கேட்டேன். "மரம் நடக்காது, நான் எப்படிப் போவேன்?"னு மறுபடியும் களிமண்ணை எடுத்துப் பூச ஆரம்பிச்சா. அவ ஊர்ப் பெரியவங்களும் வந்து ஆத்தைப் பாத்துட்டுத்தான் போயிருக்காங்க. ஆறு விருந்தாடப் போயிருக்கு, வயிறு பசிச்சா வரும்னு ஒருத்தர் சொன்னாராம், மீன்கூடைகளை மட்டும் எடுத்துப் புதுக் கரையில வெச்சுக்கிட்டாங்களாம். அவங்களும் ஓடக்காரனை நம்பாதேன்னுதான் சொல்லிட்டுப் போனாங்களாம், அதையும் அவ மறைக்காம என்கிட்டயே சொன்னா.

கானான்ல எனக்கு வந்தது வேற மாதிரி. திடீர்னு மரியாதை. கொல்லன் சம்சாரம் சோளரொட்டி கொண்டுவந்தா, மில்காரன் ஒரு கோழி கொண்டுவந்தான், எபனேசர் தன்னோட பழைய தொப்பியை என் தலையில வெச்சு, "ஜாக், அந்த மேட்டுக்கு அந்தாண்டை நல்ல கறுப்பு மண்ணு இருக்கு, அது வரைக்கும் இழுத்துடேன்"னு என் தோளைத் தட்டினாரு. ஐயா, நான் ஓடத்தை இழுக்கிறவன், ஆத்தை இழுக்கிறவன் இல்லன்னேன். ஓஹோ, இன்னும் எதிர்பாக்குறான்னு மறுநாள் ரெண்டு கோழி வந்துச்சு. இல்ல ஐயா இல்லன்னு கும்பிட்டேன். அதுக்கு மறுநாள் கோழி வரல, நான் போற இடமெல்லாம் பின்னாடியே துப்பாக்கியோட ஒரு ஆள் வந்தான்.

என்னை நம்பினது பேஷன்ஸ் ஒருத்திதான். அந்த மனுஷிக்கு ரெண்டு தோள்லயும் வாளி தூக்கித் தூக்கிக் காய்ச்சுப்போயிருந்துச்சு, ஆறு தள்ளிப் போகப் போக ஆம்பிளைங்களுக்கு நிலம் கூடிச்சு, பொம்பளைங்களுக்கு நடை கூடிச்சு. துறையில வாளியை இறக்கி வெச்சுட்டு, "உன்னால இழுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும் ஜாக்"னா. எப்படித் தாயேன்னேன். "முடிஞ்சிருந்தா, தினம் நான் மூச்சு வாங்குறதைப் பாக்குறியே, என் சமையக்கட்டுக்குப் பக்கத்துல இழுத்து விட்டிருப்பே. அவ்வளவு கெட்டவன் இல்ல நீ"ன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு, ரெண்டு வாளியையும் நானே தூக்கிட்டுப் போய் அவ வீட்டுல வெச்சேன். துப்பாக்கிக்காரன் அதையும் போய் எபனேசர்கிட்டச் சொன்னான்.

அறுப்புக்குக் கொஞ்சம் முன்னாடி எபனேசருக்குப் பொறுமை போயிடுச்சு. அந்தக் கறுப்பு மண்ணு மேட்டை அவர் தினம் ஏறிப் பாத்துட்டு வருவாரு, ஆறு அதுக்கு இந்தாண்டையே படுத்துக் கிடக்கும். இவன் வேணும்னே நிறுத்தி வெச்சிருக்கான், அந்தத் தோட்டத்துக்காரி சொல்லிக் கொடுத்திருக்கா, இனி நாமளே இழுத்துக்கலாம்னு முடிவு பண்ணி, என்னைச் சோளக் கிடங்குல போட்டுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாரு. ஊர்ல இருந்த அத்தனை எருதையும் ஓட்டிக்கிட்டு வந்து, என் முடிச்சை வெட்டி எறிஞ்சு, கயித்தை நுகத்தடியில கட்டி, ஆத்தை மேற்கே பாத்து இழுத்தாங்க. கிடங்குப் பரண்ல ஏறி, பலகை இடுக்கு வழியா நானும் தூரத்துலேருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். பாட்டுப் பாடுறாங்க, சாட்டை சொடுக்குறாங்க, எருதுங்க மண்ணுல குளம்பை ஊணி நுரை தள்ளுதுங்க, ஆறு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்குது, அது மேல ஒரு வாத்து கூடத் திரும்பிப் பாக்கல. பொழுது சாயுற நேரத்துல கயிறு அறுந்துபோச்சு, எருதெல்லாம் மொத்தமா முட்டி போட்டு விழுந்துச்சு. யாரும் சிரிக்கல. எவன் சரியா இழுக்காம விட்டான்னு ஒருத்தனை ஒருத்தன் முறைச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனாங்க.

காலையில பேஷன்ஸ் பாத்திரம் கழுவின தண்ணியைப் பின்வாசல்ல வீசினா. அது ஆத்துல விழுந்துச்சு.

ஆறு ஊருக்குக் கிழக்கே வந்து படுத்திருந்துச்சு. கானான் முழுசும், வீடு, மில்லு, கொல்லன் பட்டறை, சோளக்காடு, ஜெபக் கூடம், எல்லாம் மேற்குக் கரையில. பேஷன்ஸ் படியில உக்காந்து காலைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சாளாம், அந்தச் சிரிப்புச் சத்தத்துலதான் ஊரே எந்திரிச்சுச்சு. ஓடம் அங்க மிதக்குது. நேத்து அறுந்த கயிறு முழுக்கயிறா இருக்குது. ரெண்டு மரத்துலயும் என் முடிச்சு.

கிடங்கைத் திறந்துக்கிட்டு எல்லாரும் உள்ள பாஞ்சாங்க. நான் சோளக்கதிருக்கு நடுவுல வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறேன். கையை விரிச்சுப் பாத்தாங்க, சோளத்தூசி. கதவு உடையல, பூட்டு உடையல. அப்போ கொல்லன் மெதுவாத் திரும்பி எபனேசரைப் பாத்து, "சாவி உங்க இடுப்புலதானே இருந்துச்சு?"ன்னான். எபனேசர் கை தானா இடுப்புச் சாவிக்குப் போச்சு. எல்லாரும் அவரைவிட்டு ஒரு அடி பின்னாடி தள்ளி நின்னாங்க, அவர் கூடப் பொறந்த தம்பி உட்பட. அதுக்கப்புறம் அந்த ஊர்ல அவர் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்துச்சான்னா, இல்ல.

பொழுது ஏறினதும் தோட்டத்துக்காரி வந்தா. கூட ரெண்டு தங்கச்சிங்க, கையில கத்தி இல்ல, துப்பாக்கி இல்ல, மண் அப்பின விரல்தான். ஜெபக் கூடத்து வாசல்ல நின்னு, கானான்காரங்க பாஷையிலயே, எபனேசர் அவகிட்ட வந்து சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொன்னா: "ஆறு எங்க படுத்திருக்குதோ அங்கதான் எல்லை. அறுப்பு வரைக்கும் இருங்க. அறுத்ததும் எல்லாத்தையும் நிக்கிறபடியே விட்டுட்டுக் கடந்து போங்க."

எபனேசர் சிரிக்கப் பாத்தாரு. "அந்தச் சட்டம் ஆறு மேற்கே போறப்போ போட்டது"ன்னாரு.

பேஷன்ஸ் ஈரப் பாவாடையோட முன்னாடி வந்து நின்னா. "சத்தியம் பண்றப்போ நானும் சுவரோரமா நின்னேன். எந்தப் பக்கம் நகந்தா இந்தச் சட்டம்னு ஒருத்தரும் கேக்கல. ஏன் படுத்துச்சுன்னே கேக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான்"னா.

ஆனா ஒரு பொம்பளை சொன்னதுக்காக அவங்க கிளம்பினாங்கன்னு நினைக்காதீங்க, அவ்வளவு நல்ல உலகம் இல்ல இது. உப்பு வண்டிதான் கிளப்புச்சு. உப்பும் வெடிமருந்தும் கிழக்கேயிருந்துதான் வரணும், வண்டி வந்துச்சு, அந்தக் கரையில நின்னுச்சு. ஆத்துக்கு அந்தாண்டை இருக்கிறவங்க எங்க ஆளுங்க இல்ல, உங்க சட்டம்தான், நாங்க அரக்கு வெச்சிருக்கோம், நீங்க அந்தச் சனங்களோட சேந்துட்டீங்களோ என்னவோ யாருக்குத் தெரியும்னு வண்டிக்காரன் கத்திச் சொல்லிட்டு வண்டியைத் திருப்பிட்டான். வெள்ளைக்காரனை வெள்ளைக்காரன் நம்பல. உப்பு இல்லாத கறி, மருந்து இல்லாத துப்பாக்கி, அடுத்து பனிக்காலம். அறுப்பு முடிஞ்சதும் வண்டி கட்டினாங்க.

அத்தனை பேரையும் நான்தான் கடத்தினேன். நடு ஆத்துல ஒவ்வொருத்தனும் என் கையைப் பாத்துக்கிட்டே வந்தான், கயித்தை விட்டுடுவேனோன்னு. கொல்லன் என்னைத் தம்பின்னான், மில்காரன் அண்ணேன்னான். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோன்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, இறங்கினதும் ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. எபனேசர் மட்டும் நின்னு, தொப்பியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கிட்டாரு. பேஷன்ஸ் கடைசியா இறங்கினா. "இவங்க இனிமே ஆத்தை நம்பமாட்டாங்க ஜாக், நீயும் நம்பாதே"ன்னு சொல்லிட்டு வாளியைத் தூக்கிக்கிட்டு நடந்தா. அது எதுக்குன்னு எனக்கு அப்போ புரியல.

வெறும் ஓடத்தோட மேற்குக் கரைக்கு வந்து, கயித்தை நானே வெட்டி விட்டேன். தோட்டத்து ஓரத்துல ஒரு குடிசை போட்டுக்கத் தோட்டத்துக்காரி சம்மதிச்சா, அவ்வளவுதான் சம்மதம், வீட்டுக்குள்ள வான்னு சொல்லல. தினம் காலையில எந்திரிச்சதும் முதல்ல ஆறு எங்க இருக்குதுன்னு பாத்துட்டு, அப்புறம் என் குடிசைக்கு வந்து என் கையைத் திருப்பிப் பாப்பா. பனிக்காலம் முழுக்க இது நடந்துச்சு. கோபம் வராதான்னு கேக்குறீங்களா? வரும். ஒருநாள் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, இன்னிக்குக் காட்டமாட்டேன் போன்னேன். அவ அங்கேயே பனியில நின்னா, உதடு நீலம் பூத்துப்போச்சு, அப்படியும் நின்னா. காட்டிட்டேன்.

பனி உருகி, மரத்துல மொட்டு வெச்ச காலத்துல ஒருநாள் கிழக்கேயிருந்து டொக்கு டொக்குன்னு சத்தம். நான் கரைக்குப் போய்ப் பாத்தேன். எபனேசர் நிக்கிறாரு, கொல்லன் நிக்கிறான், பெரிய ஊர்க்காரங்க நிறையப் பேர் நிக்கிறாங்க, உப்பு வண்டியே வந்து நிக்குது. ஒருத்தருக்கும் இப்போ ஒருத்தர் மேல சந்தேகம் இல்ல, தோள்ல தோள் இடிச்சு வேலை பாக்குறாங்க. ஆத்தை ஒருத்தன் கூடப் பாக்கல. மரத்தை வெட்டி, செதுக்கி, தூண் தூணா அடுக்கி வெச்சிருக்காங்க, முதல் தூண் தண்ணிக்குள்ள இறங்கிடுச்சு.

திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். ஆறு இன்னும் எங்க வேணும்னாலும் போய்ப் படுத்துக்கட்டும், பாலம் வெறும் தரையில நிக்கும், அப்பவும் அவங்க அது மேல நடந்துதான் வருவாங்க. அவ வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா.

"என்ன சத்தம்?"னா.

மரங்கொத்தின்னு சொல்லிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மொட்டு வெச்ச மரத்துக்கு நடுவுல நிக்கிறா, இன்னும் ஒரு பழப் பருவமாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னு தோணுச்சு. ஓடக்காரன் சொன்னதை அவ இதுவரைக்கும் நம்பினதில்ல, மரங்கொத்தின்னா ஒருவேளை நம்ப ஆசைப்பட்டிருப்பா.

"பாலம் கட்டுறாங்க"ன்னேன்.

அவ என் கையைப் பாக்கல. கரைக்குப் போய்ச் சரிபாக்கவும் இல்ல. என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா, அப்புறம் உள்ள போய் ஒரு தோல்பையை எடுத்துட்டு வந்தா. போன பருவத்துப் பழக்கொட்டை, கழுவிக் காயவெச்சது, பை நிறைய. அவ எனக்கு முன்னாடியே தயாரா இருந்திருக்கா. பாதியை அள்ளி என் ரெண்டு கையிலயும் கொட்டினா, ஒண்ணு கீழ விழுந்துச்சு, அதையும் எடுத்து வெச்சா. "மரம் நடக்காது. இது நடக்கும், நீ பாதி தூக்கு"ன்னா. இருபது வருஷம் உப்புத்தண்ணியும் கயிறும் தின்ன கை, அதுல அவ முதல் தடவையா ஒண்ணை நம்பி வெச்சா, நான் அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதேன். அவ அழல, நான் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னா, முடிச்சதும் தன் பேரைச் சொன்னா.

நாங்க கிளம்பி வந்து மேற்கே எத்தனையோ தூரத்துல நட்டதுதான் இந்தத் தோட்டம். அதோ, உள்ள அடுப்படியில இருக்கிறது அவதான், நீங்க வந்ததுலேருந்து கதவிடுக்குல நின்னு உங்க கையைப் பாத்துக்கிட்டு இருக்கா. அவ பேரை மட்டும் கேக்காதீங்க. நம்ம பாஷைதான் பேசுறீங்க, அண்ணேன்னுதான் கூப்பிடுறீங்க, எல்லாம் சரி, ஆனா இந்த ஊருக்குக் கிழக்கே ரெண்டு நாளா டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குது, நீங்களும் கிழக்கேயிருந்துதான் வந்திருக்கீங்க. பழம் தின்னாச்சா? அப்போ கொட்டையை இந்தக் கூடையில போட்டுட்டுக் கிளம்புங்க. எண்ணித்தான் கொடுத்தேன்.